பதினோராம் எண் கல்

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டு. புதன்கிழமை மட்டும்தான் திறக்கும். அதற்கு மேலே ‘கற்கள், கனிமங்கள் அடையாளம் காணும் பிரிவு’ என்று பெரிதாகப் பலகை. பிரிவு என்றதும் உள்ளே பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தலைவர், எழுத்தர், கல் கழுவுகிற ஆள், சாயங்காலம் ஜன்னலைப் பூட்டுகிறவர் எல்லாம் ஒருத்திதான். ஊரில் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில் ஊருக்கெல்லாம் அக்காவாக இருப்பது அலுப்பாகத்தான் இருந்தது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

வேலை என்னவோ எளிதுதான். ஆற்றங்கரையில், ரயில் பாதை ஓரத்தில், வீடு கட்டத் தோண்டிய பள்ளத்தில் என்று எங்கேயாவது ஒரு கல் கண்ணில் பட்டு, அது மனசில் ஒட்டிக்கொண்டு, எடுத்து வந்து வைத்துக்கொள்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் அந்தக் கல்லை ஜன்னலில் வைப்பார்கள். அது என்ன கல் என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வானத்திலிருந்து விழுந்தது என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறவனிடம், ‘இது பழைய இரும்பு உலையில் வழித்துப் போட்ட கசடு’ என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். தங்கம் என்று வந்தது, தங்கம்போல மின்னுகிற பைரைட்டாகப் போகும். பச்சை மரகதம் என்று வந்தது, கடல் தேய்த்த பாட்டில் துண்டாகப் போகும். டைனோசர் முட்டை என்று ஒருவர் துண்டில் பொதிந்து கொண்டுவந்தது உருண்டையான சிமெண்டுக் கட்டி. அதற்கு அவர் வீட்டில் மெத்தை போட்டு வைத்திருந்தாராம். இருபத்து மூன்று வருஷமாக ஆசையோடு வருகிற முகங்களைத் தொங்கவைத்து அனுப்புவதுதான் அவளுடைய உத்தியோகம்.

அவள் இதற்கென்று வந்தவளும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பெயர்ச் சீட்டு எழுத, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எடுத்தார்கள். கல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வரும்வரை நீ உட்கார் என்றார்கள். ஆள் இன்னும் வரவில்லை. அவள் தரும் அடையாளச் சீட்டின் கீழே இரண்டு வரி அச்சடித்திருக்கும். ‘பார்த்தவர்’ என்பதில் அவள் கையெழுத்துப் போடுவாள். ‘சரிபார்த்தவர்’ என்பதில் போட யாரும் இல்லாததால் ஒரு கோடு கிழித்துவிடுவாள். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனை ஆயிரம் கோடு என்று அவளுக்கே தெரியாது. அவள் சொன்னது சரியா தப்பா என்று எவனும் கேட்டதில்லை. கல்லைக் கடல் என்று எழுதிக் கொடுத்தாலும் வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவர் கேட்பார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். “என்ன, இன்னைக்காவது வைரம் வந்துச்சா?” கல்யாணமான புதிதில் அவள் இதற்குச் சிரித்ததுண்டு.

ஒருத்தர் ஒரு புதனுக்கு நான்கு கல்தான் கொடுக்கலாம் என்று விதி. கொடுத்தால் ஒவ்வொரு கல்லையும் வெங்காயம் போட்டு விற்பார்களே, அந்த மாதிரி ஒரு வலைப்பையில் போட்டு, எண் அடித்த தகரத் துண்டைக் கட்டுவாள். எல்லாக் கல்லும் மண்ணும் சேறுமாக வருவதால், சாயங்காலம் அத்தனை பையையும் பெரிய வாளித் தண்ணீரில் தொங்கவிடுவாள். வெள்ளிக்கிழமை எடுத்தால் மண் இளகியிருக்கும். பிறகு பிரஷால் தேய்த்து, காந்தம் காட்டி, ஆணியால் கீறி, பீங்கான் ஓட்டின் சொரசொரப்பான பக்கத்தில் உரைத்து, அமிலச் சொட்டு விட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்து, அடுத்த புதனுக்குள் சீட்டு எழுதிவிடுவாள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. வாளியில் போடுமுன் கல்லை நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய பெரியவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. ‘விஷக்கல் இல்லைன்னு கண்ணால பாத்துக்கோ. அப்புறம் நக்கு. நக்காம நனைக்காதே’ என்பார். பல வருஷம் நக்கினாள். போன வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நக்க, அந்தப் பக்கமாக வந்த மேலாளர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளே சுற்றறிக்கை. ‘பார்வையாளர்கள் கொண்டுவரும் பொருட்களை ஊழியர்கள் வாயில் வைக்கலாகாது.’ பிரிவில் இருப்பதே ஒருத்தி. அவளுக்கு ஒரு சுற்றறிக்கை, அதற்கு மூன்று நகல். அவள் சண்டை போடவில்லை. உண்மையைச் சொன்னால், ஊரார் மண்ணைத் தின்றது போதும் என்றுதான் இருந்தது.

லாரிக்காரரின் மனைவி வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எழுபதை நெருங்கிய அம்மாள். முதல் நாளே ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதையைச் சொல்லிவிட்டாள். கணவர் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். சுரங்கம், குவாரி, கல் உடைக்கும் மில் என்று போகிற இடத்திலெல்லாம் ஒரு கல்லைப் பொறுக்கி வருவார். கூடத்துச் சுவர் அலமாரியில் இருநூறு கல் இருக்கிறது. ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. எல்லாம் அவர் தலைக்குள். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன.

“நல்லா இருந்தப்போ, ‘இது என்ன கல்லுன்னு கேளேன்டி’ன்னு பின்னாலேயே வருவார் கல்லக்கா. எனக்கு அடுப்பு வேலை, துணி வேலை. கல்லாவது மண்ணாவதுன்னு போயிடுவேன். இப்போ நான் கேக்கறேன். அவரால சொல்ல முடியல.”

அதனால் வாரம் நான்கு கல். சீட்டை வாங்கிக்கொண்டு போய், நாளுக்கு ஒன்றாக அவர் எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாளாம். சரி என்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுவார். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

மூன்றாம் வாரம் அந்த அம்மாள் ஒரு சீட்டையும் அதன் கல்லையும் திருப்பிக் கொண்டுவந்தாள். “கோவிச்சுக்காதீங்க. இதுக்கு அவர் இல்லைன்னு ஆட்டிட்டார்.”

கல்லக்காவுக்குச் சுருக்கென்றது. கால்சைட், சுண்ணாம்புக் கல் வகை என்று எழுதியிருந்தாள். இதில் என்ன இல்லை? அமிலம் விட்டதும் பொங்கியதே, என்ன தெரியும் லாரி ஓட்டுகிறவருக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி விட்டுப் பார்த்தாள். கல்லின் மேல் பெரிதாகப் பொங்கவில்லை. கீறிப் பொடியாக்கி விட்டபோதுதான் சோம்பலாக நுரைத்தது. அது டோலமைட், கால்சைட்டைப் போலவே இருக்கும் வேறு கல். அன்றைக்கு ஒரு பொட்டு நுரையைப் பார்த்ததும் போதும் என்று எழுதித் தள்ளியிருக்கிறாள். மூக்கு உடைந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது, எதற்கென்று தெரியாமல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவள் எழுதியதைப் படித்திருக்கிறார்.

அதற்கப்புறம் அந்த நான்கு கல்லை மட்டும் அவள் பரீட்சை எழுதுவதுபோலப் பார்த்தாள். அறுபத்து நான்கு கல் ஆயிற்று. மூன்றுக்குத்தான் அவர் தலையைக் குறுக்கே ஆட்டினார். ஆளை அவள் பார்த்ததில்லை. இருந்தாலும் சீட்டு எழுதும்போது அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அந்தப் புதன்கிழமை வரிசை சைக்கிள் நிறுத்துமிடம்வரை நின்றது. உலைக்கசடு ஒன்றைத் தூக்கி வந்த ஆள் முக்கால் மணி நேரம் வாதாடினார். அது விண்கல்தான், தன் கண் முன்னால் விழுந்தது, வேண்டுமென்றே மறைக்கிறீர்கள் என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். முழங்கால் வலி வேறு உயிரை எடுத்தது. அடுத்து நின்றது லாரிக்காரரின் மனைவி. துணியில் சுற்றிய நான்கு கல்லை நீட்டி, “இந்தச் செவப்பு மட்டும் டப்பாவுக்குள்ள வச்சிருந்தார். தண்ணி படக்கூடாதுன்னு சொல்வார்” என்றாள்.

“சரிம்மா, சரிம்மா” என்றாள் கல்லக்கா. இப்படி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வெயில் படக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது, வேற்று ஆள் கண் படக் கூடாது. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, தூசு படிந்த செந்நிறக் கட்டி. வலைப்பையில் போட்டாள். தகரத் துண்டில் எண் பதினொன்று. சாயங்காலம் மற்ற பைகளோடு அதுவும் வாளிக்குள் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு பையாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே வந்தவள், பதினொன்றைத் தூக்கியபோது கை சட்டென்று மேலே வந்துவிட்டது. பையில் கனமே இல்லை. ஓட்டை விழுந்து கல் நழுவியிருக்கும் என்று முழங்கைவரை வாளிக்குள் விட்டுத் துழாவினாள். அடியில் சேறுதான் இருந்தது. பையில் ஓட்டை எதுவும் இல்லை. முகத்தில் விழுந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கியபோது வாளித் தண்ணீர் ஒரு சொட்டு உதட்டில் பட்டது. கரித்தது.

உப்பு. அது பாறை உப்பு. தண்ணீர் படக்கூடாது என்று அந்த அம்மாள் வாய் திறந்து சொன்னாளே! முதல் வருஷம் படிக்கிற மாணவன்கூட அந்த ஒரு வார்த்தையிலேயே பிடித்திருப்பான். நாக்கு நுனியால் ஒரு தரம் தொட்டிருந்தால் போதும். சுற்றறிக்கை என்று பழியை மேலாளர்மீது போடலாம். காதில் விழுந்ததைக் கேட்காமல் இருக்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லையே. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அறை மூலையில் அநாதைப் பெட்டி என்று ஒன்று உண்டு. தான் கொண்டுவந்தது சாதாரணக் கல் என்று தெரிந்ததும், ‘எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க’ என்று ஜன்னலிலேயே விட்டுப் போன கற்கள் அதில் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்துபோய்ப் பெட்டியைக் கிளறினாள். செந்நிறமாக, கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு கால்சைட் கட்டி கிடைத்தது. அதைப் பதினோராம் எண் பையில் போட்டுப் பார்த்தாள். சொல்லிச் செய்த மாதிரி பொருந்தியது. அந்த அம்மாளுக்கு எல்லாக் கல்லும் கல்தான். சந்தேகம் வராது.

அன்று சாயங்காலம் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “வைரம் வந்துச்சா?” என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். வேறொரு கல்லை எடுத்து வைத்திருப்பதையும் சொன்னாள்.

“அதான் வச்சிட்டியே. குடுத்துட்டுப் போ. கல்லுதானே, புள்ளையா மாறிப் போச்சு?”

“அந்தம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். பாத்ததும் இல்லைன்னு தலையை ஆட்டுவார்.”

“ஆட்டட்டுமே. அந்தம்மா என்ன நினைக்கும்? நீ பேரைத் தப்பா எழுதிட்டேன்னு நினைக்கும். வேற கல்லுன்னு அவரால சொல்லவா முடியும்? அவராலதான் பேச முடியாதே.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். பெண்டாட்டி படும் பாட்டைப் பார்த்துச் சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும்தான் கல்லக்காவுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள், வார்த்தையாக நினைக்காமல் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷர், என் கல் இது இல்லை, என் கல் இது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். எதிரே மனைவி, ‘பேரு தப்பா? சரி, திருப்பிக் குடுத்து வேற பேரு எழுதி வாங்கிட்டு வரேன்’ என்பாள். வாரா வாரம் வேறு வேறு பெயர் வரும். அவர் ஆட்டிக்கொண்டே இருப்பார். தன் வேலையைச் சரிபார்த்த ஒரே ஆளுக்கு அவள் அதைச் செய்யப் பார்த்திருக்கிறாள்.

“ச்சீ” என்றாள்.

“நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?” என்றார் கணவர்.

“உங்களை இல்ல. என்னைச் சொன்னேன்.”

மறுநாள் கால்சைட்டை அநாதைப் பெட்டியில் திரும்பப் போட்டாள். வாளித் தண்ணீரைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, எனாமல் தட்டில் ஊற்றி, மின்சார அடுப்பில் வைத்தாள். பத்து லிட்டர் தண்ணீர் வற்ற நான்கு நாள் ஆயிற்று. அறையெல்லாம் நீராவி, சுவரெல்லாம் வியர்த்தது. மிஞ்சியது இரண்டு கை அளவுக்கு அழுக்கு நிறத்தில் உப்பு. ஜாம் பாட்டிலில் போட்டு மூடி, சீட்டு எழுதினாள். ‘பாறை உப்பு. என் கவனக்குறைவால் நீரில் கரைந்தது.’ கையெழுத்துப் போட்டாள். கீழே வழக்கம்போலக் கோடு.

புதன்கிழமை லாரிக்காரரின் மனைவி வந்தாள். மற்ற மூன்று கல்லைக் கொடுத்துவிட்டு, கல்லக்கா பாட்டிலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“இதும்மா அந்தச் செவப்புக் கல்லு. உப்புக்கல். தண்ணில போட்டுட்டேன், கரைஞ்சு போச்சு. தண்ணியை வத்த வச்சு எடுத்தது இவ்வளவுதான்.”

அந்த அம்மாள் பாட்டிலைப் பார்த்தாள். “நான் சொன்னேனே” என்றாள்.

“சொன்னீங்க. நான் கேக்கல. தப்பு என்னோடதுதான். மேல புகார் எழுதிக் குடுக்கணும்னாலும் குடுங்க, நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்.”

“எழுதி?” அந்த அம்மாளின் வாய் கோணியது. “கல்லு கெடச்சிடுமா எழுதினா? இதைப் போய் நான் எப்படி அவர்கிட்ட காட்டுவேன்?” வரிசையில் நின்ற எல்லாரும் கேட்க, சத்தமாகத்தான் கேட்டாள். பிறகு பாட்டிலையும் சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குப் புதுக் கல் எதுவும் கொடுக்கவில்லை.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. கல்லக்கா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். கசடு, கண்ணாடி, கசடு, சிமெண்டு. வீட்டில் கணவர் வைரத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். அது வந்தபோது எரிச்சலாக இருந்தது, நின்றபோது இன்னும் மோசமாக இருந்தது. லாரிக்காரர் சாகும்வரை அந்த வீட்டிலிருந்து இனி ஒரு கல்லும் வராது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாம் புதன், வரிசையில் ஐந்தாவது ஆளாக அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மூணு நாள் என் மூஞ்சியைப் பாக்கல கல்லக்கா. சாப்பாடு ஊட்டினா செவுத்தைப் பாத்துக்கிட்டே முழுங்கறார். நாலாம் நாள் இடது கையை நீட்டி அந்த பாட்டிலைக் கேட்டார். குடுத்தேன். விரலை விட்டு நாக்குல வச்சார். என் உள்ளங்கையிலயும் கொஞ்சம் தட்டி, தின்னுன்னு காட்டினார். தின்னேன். உப்புதான். என்னவோ ஒரு சத்தம் போட்டார். சிரிச்சாரா அழுதாரான்னு இன்னும் எனக்குத் தெரியல.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நாப்பது வருஷமா, ‘ஈரக் கையோட அதைத் தொடாதே’ன்னு சொல்வார். என் கை அழுக்குன்னு சொல்றார்னு நினைச்சு எத்தனை சண்டை! உப்புடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“சீட்டு படிச்சுக் காட்டினீங்களா?” என்றாள் கல்லக்கா.

“காட்டினேன். சரின்னு ஆட்டினார்.” துணியைப் பிரித்து நான்கு கல்லை வரிசையாக வைத்தாள். “இன்னொண்ணு கேளுங்க. இன்னைக்குக் காலையில இதைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு கல்லு எடுக்கும்போதும் என்னைப் பாத்து நாக்கைத் துருத்தறார். எழுபத்து மூணு வயசுல! பழிப்புக் காட்டறார்னு எனக்குக் கோவம் வந்துடுச்சு. திட்டினேன். அப்பவும் விடல. கல்லைக் காட்டறார், நாக்கைக் காட்டறார், தெருப்பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டறார். மூளையும் போயிடுச்சோன்னு பயமா இருக்கு கல்லக்கா.”

கல்லக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“மூளை நல்லா இருக்கும்மா. அவர் உங்களைப் பழிக்கல. என்னைத் திட்டறார். நக்காம நனைக்காதேன்னு சொல்றார்.”

சொல்லிவிட்டு முதல் கல்லை எடுத்தாள். விஷம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தலைக்கு மேலே சுற்றறிக்கை ஒட்டியிருக்க, நாக்கு நுனியால் தொட்டாள். ருசி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கல் நாக்கைப் பிடித்துக்கொண்டது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. களிமண் பாறை அப்படித்தான் ஒட்டும். வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான்காவதையும் நக்கினாள்.

ஒரு வாரம் காத்திருக்க வைக்காமல், மதியத்துக்குள் கீறி, உரைத்து, நான்குக்கும் சீட்டு எழுதினாள். கடைசி வரிக்கு வந்தபோது கோடு கிழிக்கப் போன கையை நிறுத்தினாள். நான்கு சீட்டிலும் அந்த இடத்தை அப்படியே விட்டாள்.

“இங்க, சரிபார்த்தவர்னு இருக்கு பாருங்க. சரியா இருந்தா இடது கையால ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்க. தப்பா இருந்தா குறுக்க ஒரு கோடு. பேனாவை நீங்க பிடிச்சுக்கக் கூடாது, அவரே போடணும்.”

அடுத்த புதன்கிழமை நான்கு சீட்டும் திரும்பி வந்தன. மூன்றில் கடைசி வரிக்கு மேலே, கீழே, ஓரத்தில் என்று எங்கெங்கோ மை கொட்டியதுபோலப் பெரிய பெரிய புள்ளிகள். நான்காவதில், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, குறுக்கே ஒரு கோணல் கோடு.

“இதை எழுத அரை மணி நேரம் ஆச்சு அவருக்கு” என்றாள் அந்த அம்மாள்.

“படுத்தறாரே மனுஷன்” என்று சொல்லிக்கொண்டே கல்லக்கா நான்காவது கல்லைக் கேட்டு வாங்கினாள், ஆணியைத் தேடி எடுத்தாள், விளக்கைப் போட்டாள்.